முதல் ரகமான நிலக்கடலை

பணி ஓய்வு நாளில் எனக்கு ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். காலமெல்லாம் மணி பார்த்து ஓடியவனுக்கு, ஓட்டம் முடிகிற அன்று கடிகாரம் கொடுக்கலாம் என்ற யோசனை யாருக்குத்தான் முதலில் தோன்றியதோ தெரியவில்லை. அதை வீட்டில் மாட்டியிருக்கிறேன். ஒன்பது மணி அடித்ததும் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட அது பயன்படுகிறது.

போன வாரம் எங்கள் கல்லூரியின் இளம் விரிவுரையாளர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் வேலை பார்த்த ஆய்வகத்தின் கதவில் 'செயற்கை நுண்ணறிவு ஆய்வகம்' என்று புதுப் பலகை மாட்டப் போகிறார்களாம். ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். "நம்ம காலேஜ்ல முதமுதல்ல மெஷினுக்கு மூளை வச்சது நீங்களும் ஜெபராஜ் சாரும்தானாம்ல. அதை எழுதுங்கண்ணே" என்றார்கள். மூளை வைத்தோமா என்பது வேறு விஷயம். வைத்துவிட்டதாக நினைத்து மாட்டிக்கொண்டோம் என்பது உண்மை. அதையே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோம்பை. ஐ.டி.ஐ. படித்தேன், ரேடியோ பிரித்தேன், டி.வி. பிரித்தேன், பிரித்ததில் பெரும்பாலானவற்றைத் திரும்பச் சேர்த்தும் கொடுத்தேன். 1996-ல் தேனிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் லேப் டெக்னீசியனாகச் சேர்ந்தபோது வயது நாற்பத்து நாலு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைய வேண்டும் என்பதே கம்ப்யூட்டரைப் பற்றி நான் கற்ற முதல் பாடம். ஒரு மாதம் பயபக்தியோடு நுழைந்தேன். அடுத்த மாதம் அதையும் பிரித்துவிட்டேன்.

துறைத் தலைவர் ஜெபராஜ் சார் போடிக்காரர். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம். என்னைவிட நாலைந்து வயது இளையவர். பியூன் முதல் பிரின்சிபால் வரை எல்லாரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார். பேனா வைத்துக்கொள்ள மாட்டார், பென்சில்தான். "நான் எழுதுறதெல்லாம் அழிக்க வேண்டியதுதான் தங்கராசு" என்பார். யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எப்படித் தெரியும்?" கரண்ட் போய்விட்டது என்று சொன்னால்கூட அப்படிக் கேட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பார்.

அவருக்குக் கோபமே வராது. அதுதான் பயம். யாராவது பெரிய தப்புச் செய்துவிட்டால், "வாங்க, டீ சாப்பிட்டு வருவோம்" என்று தோளில் கைபோட்டுக் கூட்டிப் போவார். கடைக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த ஆள் பாதி செத்துவிடுவார். எங்கள் துறையில் யாராவது முகம் வெளுத்து நின்றால், "என்ன, டீக்குக் கூப்பிட்டாரா?" என்றுதான் விசாரிப்போம்.

சாருக்கு மூளைப் பைத்தியம். நான் கேலியாகச் சொல்லவில்லை. மனித மூளை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அதே மாதிரி யோசிக்கிற மெஷினைச் செய்துவிடலாம் என்பது அவருடைய கனவு. முனைவர் பட்டத்துக்கான ஆய்வும் அதுதான். ஒரு நாள் தேனிக் கறிக்கடையில் ஆட்டு மூளை இரண்டு வாங்கித் தூக்குவாளியில் கொண்டுவந்து, மாணவர்கள் முன்னால் மேசையில் வைத்தார். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். ஒரு மணி நேரம் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டிவிட்டு, "பார்த்தீங்கள்ல? இதைப் பார்த்து ஆடு என்ன நினைச்சுச்சுன்னு யாராவது சொல்ல முடியுமா? வெட்டி வச்சதைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. மூளை வேலை செய்யும்போது பார்க்கணும்" என்று முடித்தார். அன்று சாயங்காலம் தூக்குவாளியை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மிளகு போட்டு வறுத்தபோது அதன் பிரயோஜனம் நன்றாகவே தெரிந்தது.

வேலை செய்கிற மூளையைத் தேடி அவர் போன இடம் போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு. முதலாளி அவருக்குத் தெரிந்தவர். மலையிலிருந்து வருகிற காயைச் சல்லடை மெஷின் பருமன் பார்த்துப் பிரித்துவிடும். ஆனால் ஒரே பருமனுக்குள் பச்சை மாறாத நல்ல காய் எது, வெடித்தது எது, பூச்சி கடித்தது எது, நிறம் செத்தது எது என்று பார்க்கக் கண்ணும் கையும் வேண்டும். முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுளகில் காயைப் பரப்பிப் பொறுக்குவார்கள். வலது பக்கத் தட்டில் முதல் ரகம், இடது பக்கத் தட்டில் கழிவு. வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். கை மட்டும் தன் பாட்டுக்குப் போய்வரும்.

அவர்களில் பேச்சியம்மாள்தான் கெட்டிக்காரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். மற்றவர்கள் பொறுக்கிய தட்டைக்கூட அவள் ஒரு தடவை பார்த்த பிறகுதான் மூட்டை கட்டுவார்கள். சார் அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பென்சிலைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்தக் காய் கழிவுன்னு எப்படிம்மா தெரியும்?"

"பாத்தாத் தெரியும்ல சார்."

"பார்க்கும்போது என்ன தெரியுது?"

"கழிவுன்னு தெரியுது."

சார் அசரவில்லை. நிறமா, வாசமா, எடையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பேச்சியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். அந்த நேரத்தில் கை நின்றுபோனது. "நீங்க கேக்குறப்ப வேலையே மறந்து போகுது சார். கண்ணு பாக்குறதுக்கு முன்னாடி கை எடுத்துருது. அது எப்படின்னு எனக்கென்ன தெரியும், கையைத்தான் கேக்கணும்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். சாருக்கு முகமெல்லாம் வெளிச்சம். வரும் வழியெல்லாம் ஜீப்பில் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். மூளைக்குத் தெரிந்தது அந்த மூளைக்காரிக்கே தெரியவில்லை. ஆகையால் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அவள் பொறுக்குவதைக் காட்டினால் போதும், மெஷின் தானே கற்றுக்கொள்ளும் என்றார்.

அவர் எழுதிய புரோகிராம் மூளை நரம்புகளைப் பார்த்து எழுதியது. சின்னச் சின்னக் கணக்குகள் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒரு காயின் போட்டோவைக் காட்டினால் 'முதல் ரகம்' அல்லது 'கழிவு' என்று சொல்லும். தப்பாகச் சொன்னால் பின்னலை அங்கங்கே தளர்த்தி இறுக்கிக்கொள்ளும். மறுபடி காட்ட வேண்டும், மறுபடி இறுக்கும். ஆயிரம் தடவை காட்டினாலும் அலுக்காது. அலுப்பெல்லாம் எனக்குத்தான். இது பாடம் படிக்க மூன்று நாள் எடுக்கும், நடுவில் கரண்ட் போனால் படித்ததெல்லாம் போய்விடும். மணிக்கொரு தரம் அதைப் பிளாப்பியில் எழுதி வைப்பதும், யு.பி.எஸ். கத்தும்போது ஓடுவதுமாக ஒரு வருடம் ஓடியது. என் பிள்ளைகள் படிப்பில் நான் அவ்வளவு அக்கறை காட்டியதில்லை என்று மனைவி இன்னும் சொல்வாள்.

போட்டோ எடுக்கிற பொறுப்பு என்னுடையது. தகரப் பெட்டி ஒன்று செய்து, உள்ளே குட்டி டியூப்லைட் பொருத்தி, மேலே கேமராவை மாட்டினேன். போஸ்ட் கார்டு அளவு வெள்ளை அட்டை ஒன்றின் நடுவில் ஒரு காயை வைத்துப் பெட்டிக்குள் தள்ள வேண்டும், ஒரு போட்டோ. கிட்டங்கியில் வெள்ளிக்கிழமை வேலை குறைவு என்பதால் அந்த நாளாகப் பார்த்துப் பெட்டியோடு போடிக்குப் போவேன். வெள்ளிக்கிழமை முதல் ரகக் காயை வெளியாள் தொடக் கூடாது என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மகாலட்சுமியாம். மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த கைதான் தொட வேண்டும். நானோ கறி தின்கிறவன், பஸ்ஸில் இடிபட்டு வருகிறவன். எனவே நான்தான் சொன்னேன்: "நல்ல காயை நீ வை தாயி, கழிவை நான் வைக்கிறேன்." அவளுக்கு ஓர் அட்டைக் கட்டு, எனக்கு ஓர் அட்டைக் கட்டு. வேலை பிரிந்ததால் சீக்கிரம் முடிந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மெஷின் பிரமாதமாகத் தேறியது. புதிதாக எடுத்த போட்டோக்களைக் காட்டினாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு தப்புத்தான். சார் கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பிவிட்டார். கிட்டங்கி முதலாளி வந்து பார்த்துவிட்டு, தன் செலவிலேயே காயை ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு அடியில் தள்ளிவிடும் பெல்ட்டோடு ஒரு மெஷின் செய்யச் சொன்னார். எனக்கும் ஒரு லாபம் இருந்தது. ஏழெட்டு வருடமாக நான் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கச் சொல்லி சார் எழுதிய கடிதம் நிர்வாகத்தின் மேசையில் இருந்தது. அந்தக் கடிதத்தில் பாதி இந்த மெஷினின் பெருமைதான்.

முதலாளி இன்னொன்றும் செய்தார். வருகிற முதல் தேதியிலிருந்து பன்னிரண்டு பேர் போதும், மற்ற பதினெட்டுப் பேர் வர வேண்டாம் என்று பெண்களிடம் சொல்லிவிட்டார். பதினெட்டில் பேச்சியம்மாளும் ஒருத்தி, கூலி அதிகம் என்பதால். கடைசியாகப் போட்டோ எடுக்கப் போன வெள்ளிக்கிழமை அவள் அட்டையில் காயை வைத்தபடியே என்னிடம் கேட்டாள்.

"எங்களுக்கு வேலை போயிருமாண்ணே?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தாயி. முதலாளி சும்மா சொல்லுவாக."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியாது, ஆகும் என்றுதான் தோன்றியது. அவள் அடுத்த காயை வைத்தாள்.

முதலாளிக்கு மெஷினைக் காட்ட வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்திய வியாழக்கிழமை. மதியம் ஆய்வகத்தில் நான் மட்டும் இருந்தேன். எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டே பெல்ட் ஓடுவதைச் சரிபார்க்கலாம் என்று புது அட்டை ஒன்றில் முதல் ரகக் காயை இடது கையால் வைத்துத் தள்ளினேன். திரையில் 'கழிவு' என்று வந்தது. இன்னொரு காய். கழிவு. பத்துக் காயும் கழிவு. பதறிப்போய்ச் சோற்றுக் கையோடு பொறுக்கிப்போட்ட வெடித்த காய் ஒன்றை எடுத்து வைத்தேன். 'முதல் ரகம்' என்றது. பிறகு ஏதோ ஒரு விபரீத புத்தியில், சாதத்திலிருந்து ஒரு நிலக்கடலையை எடுத்து அட்டையில் வைத்துத் தள்ளினேன்.

முதல் ரகம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய அட்டைக் கட்டுகள் இரண்டையும் எடுத்து ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கட்டு வெள்ளை. பேச்சியம்மாளின் கட்டில், விரல் பட்ட இடமெல்லாம், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி ஒரு மஞ்சள். எலுமிச்சைச் சாதம் பிசைந்த என் கையிலும் அதே மஞ்சள். ஒரு வருடமாக இந்த மெஷின் ஏலக்காயைப் பார்க்கவே இல்லை. வெள்ளிக்கிழமைக் குளியலைத்தான் படித்திருக்கிறது.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும். சொன்னால் சாரின் கட்டுரை போகும், என் நிரந்தரம் போகும், தப்பும் என்னுடையது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் மட்டும் உளறினேன். அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கடலைக்கும் ஏலக்காய்க்கும் வித்தியாசம் தெரியாத ஒண்ணை நம்பிப் பதினெட்டுப் பொம்பளைக வீட்டுல ஒலை கொதிக்காமப் போகணுமாக்கும்? நீங்க இங்கன உக்காந்து சோறு திங்கிறீகளே, எப்படி எறங்குது?" என்றாள். இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சாரை ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். வெள்ளைச் சட்டையும் கையில் பைபிளுமாக வந்தார். பேச்சியம்மாளின் அட்டை ஒன்றில் கடலையை வைத்துத் தள்ளினேன். முதல் ரகம் என்று வந்ததும் சார் சிரித்தார். கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தார். அட்டையில் படிந்திருந்த மஞ்சளைக் காட்டினேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மஞ்சள்தான்னு எப்படித் தெரியும்?" என்றார். புது அட்டையில் மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுக் காய்ந்த பிறகு தள்ளினோம். காயே இல்லாத வெறும் அட்டை. அதுவும் முதல் ரகம்தான்.

"வாங்க தங்கராசு, டீ சாப்பிட்டு வருவோம்" என்றார்.

கடைக்குப் போய்ச் சேருவதற்குள் நானும் பாதி செத்திருந்தேன். டீ வந்தது, ஆறியது. சார் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அட்டையைப் பிரிச்சுக் கொடுத்தது நான்தான். என் தப்பு."

"போட்டோ எடுத்ததுதான் நீங்க. ஊரெல்லாம் பார்த்து எப்படித் தெரியும், எப்படித் தெரியும்னு கேட்டவன் நான். மெஷினை ஒரு தடவை கேட்டேனா? நல்ல மார்க் வாங்கினதும் வாயை மூடிக்கிட்டேன்" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. நாளைக்கு ஏதாவது கோளாறு என்று சொல்லித் தள்ளிப்போடலாம், அதற்குள் வேறு போட்டோ எடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம் தங்கராசு, இந்தக் கடலையை மறைக்க முடியாது" என்றார்.

திங்கட்கிழமை கிட்டங்கியில் மெஷினை வைத்தோம். முதலாளி, கணக்குப்பிள்ளை, வாசலை அடைத்துக்கொண்டு பெண்கள். சார் பாக்கெட்டிலிருந்து நிலக்கடலையை எடுத்து, மஞ்சள் பட்ட அட்டையில் வைத்துத் தள்ளினார். திரையில் வந்ததை அவரே சத்தமாக வாசித்தார். கிட்டங்கி முழுக்கச் சிரிப்பு. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "என்னங்க சார், இதை நம்பியா நான் ஆளுகளை வர வேணாம்னு சொன்னேன்?" என்றார்.

"தப்பு எங்களுது. ஒருத்தரையும் நிறுத்திராதீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்று சார் கைகூப்பினார்.

பேச்சியம்மாளும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து திரையைக் குனிந்து பார்த்தாள்.

"ஏன் சார், இது கடலையை இதுக்கு முன்னாடி பாத்திருக்கா?"

"இல்லைம்மா."

"அப்ப, எனக்குத் தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதான? அது வாயில அந்தச் சொல்லே கெடையாதா?"

சார் அவள் சேலை மடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வரிசையில் உட்கார்ந்து பொறுக்கும்போது எல்லாப் பெண்களின் மடியிலும் எப்போதும் ஒரு பிடிக் காய் கிடக்கும். வலது தட்டிலும் சேராது, இடது தட்டிலும் சேராது. சுளகு காலியான பிறகு, தண்ணி குடித்துவிட்டு வந்து, அதை மறுபடி உருட்டிப் பார்ப்பார்கள். ஒரு வருடமாக அதைப் பார்த்திருக்கிறோம். சோம்பல் என்று நினைத்துக் குறிப்பில்கூட எழுதவில்லை. சார் அன்று என்னிடம் பேனா வாங்கி, கை மேலேயே ஏதோ எழுதிக்கொண்டார்.

கருத்தரங்கிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பட்டம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. எனக்கு நிரந்தரம் அடுத்த வருடம் வந்தது; அந்தக் கடிதத்தில் சார் கடலைக் கதையையும் சேர்த்தே எழுதியிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. மெஷினுக்கு மறுபடி முதலிலிருந்து பாடம் எடுத்தோம். இந்தத் தடவை எல்லாக் காயையும் பேச்சியம்மாளே வைத்தாள், எல்லாக் கிழமையும், கையைக் கழுவிவிட்டு. வழக்கத்தை மாற்ற முதலாளியிடம் அவளே பேசி அனுமதி வாங்கினாள். புரோகிராமுக்கு மூன்றாவதாக ஒரு பதில் சேர்த்தார் சார். பின்னலில் இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் இழுபறி பண்ணாமல் 'தெரியாது' என்று சொல்லிவிடும். அந்தக் காய்கள் வந்து விழுவதற்கென்று தகரத்தில் மூன்றாவது வாய் ஒன்று அடித்துக் கொடுத்தேன். கடலையை வைத்துப் பார்த்தோம். தெரியாது என்றது. எந்த மெஷினும் அதற்கு முன் என்னை அவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை.

2006-ல் அதைக் கிட்டங்கியில் நிறுத்தினோம். மூன்றாவது வாய்க்குக் கீழே பெண்கள் உட்கார்ந்து, மெஷினுக்குப் பிடிபடாத காயைப் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாள் நிறையக் காய் அங்கே விழுந்தது, எல்லாருக்கும் வேலை இருந்தது. ஆனால் அவர்கள் பிரித்ததைக் காட்டி வாராவாரம் மெஷினுக்குப் பாடம் எடுப்போம். போகப்போக அங்கே விழுவது குறையும். அது எனக்குத் தெரியும்.

மதியம் கை கழுவிவிட்டு வந்த பேச்சியம்மாள் என் பக்கத்தில் நின்று மூன்றாவது வாயைப் பார்த்தாள்.

"அடுத்த வருசம் இந்த வாய்க்கு எத்தனை பேரு வேணும்ணே?"

ஒன்றும் ஆகாது தாயி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"தெரியலை தாயி" என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். "நீங்க பேசுனதுலயே இதுதாண்ணே நம்புற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.